ஒளியின் தூதனும் கோயிலின் நடுச்சுவரும்

தவக்காலம் தொடங்கிவிட்டால் நம் ஊர்ப் பிரசங்க மேடைகளில் அலகைக்கு ஓய்வே இல்லை. அவன் திரையரங்கில் இருக்கிறான். தொலைக்காட்சிப் பெட்டிக்குள் இருக்கிறான். நெற்றிப் பொட்டில் இருக்கிறான். அயல் வீட்டார் அன்போடு கொடுத்தனுப்பும் பொங்கலில் இருக்கிறான். அண்மைக் காலமாகக் கைப்பேசியிலும் குடியேறிவிட்டான். கன்வென்ஷன் பந்தல்களின் ஒலிபெருக்கி வழியாக இந்த முகவரிப் பட்டியலை நாம் சிறுவயது முதல் கேட்டு வருகிறோம். சில முகவரிகளை மட்டும் எந்தப் பிரசங்கியாரும் சொல்லி நாம் கேட்டதில்லை. திருவிழாத் தேர் உள்ளே நுழையாமல் திரும்பிவிடும் தெருமுனை, கல்லறைத் தோட்டத்தை இரண்டாக்கும் வரப்பு, திருமணப் பேச்சில் பெயரைக் கேட்கும் முன்பே கேட்கப்படும் கேள்வி ஆகியவை அவை. அங்கெல்லாம் அலகைக்கு வேலை இல்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள் போலும்.

நம் குற்றச்சாட்டு இதுதான். நன்மையின் வேடத்தில் வரும் தீமையை இனம் காண்பது கிறித்தவ வாழ்வின் முதன்மையான பயிற்சிகளுள் ஒன்று. தமிழ்க் கிறித்தவம் அப்பயிற்சியைத் தனிமனிதரின் சின்னச் சின்ன ஆசைகளோடு நிறுத்திக்கொண்டது. தன் கோயிலின் மீதும், தன் குடும்பத்தின் மீதும் அந்த விளக்கைத் திருப்ப மறுத்துவிட்டது.

கெட்டதைக் கெட்டது என்று அறிய ஞானம் தேவையில்லை. கள்ளச்சாராயம் காய்ச்சுபவனை ஊரே அறியும். ஞானம் தேவைப்படுவது நல்லது போலத் தோன்றுவதன் முன்னால்தான். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் மடலில், சாத்தான் ஒளியின் தூதனாக வேடம் பூணுவான் என்று பவுல் எச்சரித்ததன் பொருள் அதுவே. பாலைநிலத்தில் இயேசுவைச் சோதிக்க வந்தவன் கெட்ட வார்த்தை எதுவும் பேசவில்லை. சங்கீதத்தை எடுத்து ஓதினான். மறைநூலை மனப்பாடம் செய்த சோதனைக்காரனைப் பற்றி நற்செய்தியே சொல்லியிருக்கும்போது, மறைநூலை அறியாதவர் வீட்டுப் பொங்கலில் அவனைத் தேடுவது என்ன தேடல்?

இப்பகுத்தறிதலை ஒரு கலையாகவே வகுத்துத் தந்தவர் லொயோலா இஞ்ஞாசியார். 1521இல் பம்ப்லோனா போரில் பீரங்கிக் குண்டால் கால் முறிந்து படுக்கையில் கிடந்த படைவீரர் அவர். பொழுதுபோக்கப் படிக்க வீரக்கதைகள் கிடைக்காமல், கிறிஸ்துவின் வாழ்வையும் புனிதர் சரிதங்களையும் படித்தார். அரசவைப் பெருமைகளைக் கனவு கண்டபோதும் மகிழ்ச்சி. புனிதர்களைப் போல வாழக் கனவு கண்டபோதும் மகிழ்ச்சி. வேறுபாடு கனவு கலைந்த பிறகு தெரிந்தது. முன்னது வறட்சியை விட்டுச் சென்றது. பின்னது நிறைவை விட்டுச் சென்றது. பிறகு மன்ரேசாவில் தங்கியிருந்த நாள்களில், கண்கள் பல கொண்ட பாம்பு போன்ற ஓர் ஒளிவடிவம் அவருக்கு அடிக்கடி தோன்றியது. பார்க்கப் பார்க்க ஆறுதல், மறைந்ததும் மனச்சோர்வு. அந்த அழகு தீயதென்று அறிய அவருக்கே நாள்கள் பிடித்தன.

1548இல் அச்சேறிய அவருடைய ஆன்மிகப் பயிற்சிகள் நூலில் இந்த அனுபவம் விதியாக வடிவம் கொண்டது. பக்தியுள்ளவரிடம் தீமை பக்தியான எண்ணத்தோடுதான் நுழையும்; மெல்ல மெல்லத் தன் வழிக்கு இழுக்கும். ஆகவே எண்ணத்தின் தொடக்கத்தை மட்டும் பார்த்தால் போதாது. நடுவையும் முடிவையும் பார்க்க வேண்டும். பாம்பு தன் தலையால் ஏமாற்றிவிடும், வாலில் அகப்பட்டுக்கொள்ளும்.

இந்த விதியை வகுத்தவரின் சபையைச் சேர்ந்தவர்கள்தாம் தமிழகத்தில் மதுரை மிஷனை நடத்தினார்கள். எனவே அவர்களுடைய அளவுகோலைக் கொண்டே அவர்களுடைய பணியை அளந்து பார்ப்பதில் அநீதி எதுவும் இல்லை.

தொடக்கம் நல்லதாகவே இருந்தது. 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர், பரங்கி வழக்கத்தை உதறித் தமிழும் வடமொழியும் கற்றார்; காவி உடுத்தார்; மரக்கறி உண்டார். தமிழ் உரைநடை அவருக்குக் கடன்பட்டிருக்கிறது. தமிழாசிரியர்களாகிய நாம் அதை மறந்தால் நன்றிகொன்றவர்கள் ஆவோம். ஆனால் மேற்குலத்தாரின் குருவாகத் தோன்றியவர் தாழ்த்தப்பட்டோரின் வாசலில் நிற்க முடியாமல் போனது. பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் மற்றவர்களுக்கென்று பண்டாரசாமிகள் என்ற தனி வகைக் குருக்கள் ஏற்பட்டார்கள். 1703இல் புதுச்சேரிக்கு வந்த பாப்பரசரின் தூதர் துர்னோன் 1704இல் வெளியிட்ட ஆணை, நோயுற்ற பறையர்களின் குடிசைக்குள் நுழைந்து திருவருட்சாதனம் வழங்க மறுப்பதைக் கண்டித்தது. நாற்பது ஆண்டுகள் வழக்கும் வாதமும் நடந்தன. 1744இல் பதினான்காம் பெனடிக்ட் இறுதித் தீர்ப்பு அளித்தபோது, தாழ்த்தப்பட்டோருக்கென்றே தனிக் குருக்களை ஏற்படுத்துகிறோம் என்ற சமரசம் ஏற்கப்பட்டது. குடிசைக்குள் குரு நுழைந்தார். ஆனால் அவர் வேறு குரு.

ஒவ்வொரு படியிலும் சொல்லப்பட்ட காரணம் ஒன்றே: ஆன்மாக்களின் மீட்பு. அதைவிட நல்ல காரணம் கிறித்தவத்தில் உண்டா? இப்போது வாலைப் பார்ப்போம்.

திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872இல் ஒரு கோயில் கட்டி முடிக்கப்பட்டது. பீடம் ஒன்று, அதிலிருந்து கால்சட்டையின் இரு கால்களைப் போல இரு மண்டபங்கள் பிரிந்தன. வெள்ளாளர் முதலியோர் ஒரு மண்டபத்தில், நாடார் முதலியோர் மற்றதில். இரு சாராரும் பீடத்தைப் பார்க்கலாம். ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. சண்டையிட்டுக்கொண்டிருந்த ஊருக்கு அமைதி தந்த ஏற்பாடு அது. அமைதி நல்லதல்லவா?

இதே வடக்கன்குளத்தில்தான் 1745இல் நீலகண்டன் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். சாதி வேற்றுமை பாராமல் எல்லாரோடும் பழகியவர் என்று போற்றப்படுபவர்; 1752இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று புனிதராக உயர்த்தப்பட்டபோது, நீண்ட முறையீடுகளுக்குப் பிறகு, ‘பிள்ளை’ என்ற பின்னொட்டு அவர் பெயரிலிருந்து நீக்கப்பட்டிருந்தது. மறைசாட்சி இறந்து 120 ஆண்டுகளில், அவர் திருமுழுக்குப் பெற்ற ஊரிலேயே ஆண்டவரின் வீட்டை இரண்டாகப் பிளந்தோம். அவர் பெயரிலிருந்து சாதியைக் களைய மேலும் ஒன்றரை நூற்றாண்டு எடுத்துக்கொண்டோம்.

1910இல் அந்தச் சுவரை இடித்தவரும் ஓர் இயேசு சபைக் குருவே, கௌசானல் அடிகளார். உடனே அமைதி குலைந்தது. சுவரைக் காக்க விரும்பியவர்கள் நீதிமன்றம் ஏறினார்கள். உயர் நீதிமன்றம் வரை சென்று தோற்றார்கள். அன்று ஊரின் அமைதியைக் கெடுத்தவர் யார் என்று கேட்டிருந்தால், பக்தர்கள் பலர் கௌசானலையே சுட்டியிருப்பார்கள். நன்மை சில வேளைகளில் கலகத்தின் வேடத்தில் வருகிறது என்பதையும் நாம் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இது கத்தோலிக்கரின் கதை மட்டும்தானே என்று சீர்திருத்த சபை நண்பர்கள் நிம்மதி கொள்ள வேண்டாம். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரை நாம் தலைசிறந்த கீர்த்தனைக் கவிஞராக வணங்குகிறோம். 1820களில் வந்த புதிய மிஷனரிகள் தமிழ் இசையையும் திருமணப் பூக்களையும் இகழ்ந்தபோது அவர் சீறியது முற்றிலும் நியாயம். ஆனால் அதே மூச்சில், கோயிலில் சாதிவாரியாக அமர்வதையும் அவர் காத்து எழுதினார். பூவையும் பாயையும் ஒரே மூட்டையில் கட்டினார். பண்பாட்டின் மானம் என்ற நல்ல ஆடையைச் சாதி உடுத்திக்கொண்டது. 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் சாதி வேற்றுமையைச் சபையிலிருந்து நீக்கக் கட்டளையிட்டபோது, தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே விலகினார்கள். வெள்ளைக்காரரின் ஆணவம் பொய்யன்று. சாஸ்திரியாரின் தமிழ்ப் பற்றும் பொய்யன்று. அந்த இரண்டு உண்மைகளின் நடுவே ஒரு பொய் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. அதனால்தான் பகுத்தறிதல் கடினம்; அதனால்தான் அது தேவை.

பழங்கதை என்பவர்கள் எறையூரை நினைத்துப் பார்க்கட்டும். 2008 மார்ச்சில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்தின் அந்த ஊரில், தலித் கிறித்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டுப் போராடினார்கள். வன்னியக் கிறித்தவர்களுக்கும் அவர்களுக்கும் மோதல் வெடித்தது. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். அப்போது நாம் கேட்ட பக்திமொழி, “ஒரே மந்தை, ஒரே மேய்ப்பன்; பிரிவினை கேட்பது கிறித்தவமா?” என்பது. ஒற்றுமை என்ற சொல்லைக் கேட்டவுடன் தலை குனிந்துவிடுகிறோம். அந்த ஒற்றுமையில் பின்வாசலில் நின்றவர் யார், யாருடைய சவப்பெட்டி எந்த வழியாகப் போனது என்று கேட்பதில்லை. வடக்கன்குளத்தில் பிரிவினை தீமையாக இருந்தது. எறையூரில் பிரிந்துபோகக் கேட்டவர்கள் சமமாக நிற்க ஓர் இடம் கேட்டார்கள். வெளித்தோற்றத்தை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே. இந்த நன்மையின் பாரத்தை யார் தோள் சுமக்கிறது என்று கேட்பவருக்கு இரண்டும் எதிரெதிர். நமக்குத் தெரிந்த வரையில், பாம்பின் வாலைக் காட்டும் விளக்கு இந்த ஒரு கேள்விதான்.

இனி மறுப்புகளுக்கு வருவோம்.

களையும் கோதுமையும் அறுவடை வரை சேர்ந்தே வளரட்டும் என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறாரே என்பது முதல் மறுப்பு. அழகிய உவமை, ஆனால் உவமையின் விளக்கத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டாமா? மத்தேயு நற்செய்தியின் அதே அதிகாரத்தில், வயல் என்பது உலகம் என்று தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது. உலகின் தீயோரை வேரறுக்கப் புறப்படாதே என்பது அதன் பொருள். உன் வீட்டு முற்றத்தில் நீயே விதைத்த களைக்குத் தண்ணீர் ஊற்று என்பது அதன் பொருளாகாது.

இதையெல்லாம் வெளியே பேசினால் நம்மைப் பகைப்பவர்களுக்கு ஆயுதம் கொடுத்தது ஆகாதா என்பது இரண்டாவது. சிறுபான்மையினரின் அச்சத்தை நாம் எள்ளி நகையாடவில்லை. அந்த அச்சத்துக்குக் காரணங்கள் உண்டு. ஆயினும் விசுவாசம் என்ற பெயரில் வரும் மௌனம்தான் இன்று தீமைக்குக் கிடைத்திருக்கும் ஆகச் சிறந்த அங்கி. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து மதத்தினருக்கு மட்டும் பட்டியல் சாதித் தகுதியை அளித்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறித்தவர்கள் சேர்க்கப்படவில்லை. அந்த அநீதியை எதிர்த்து ஆயர்கள் தெருவில் இறங்குவது சரியே. ஆனால் அரசின் வாசலில் இருக்கிறது என்று நாம் சொல்லும் சாதியைக் கோயில் வாசலில் இல்லை என்று எப்படிச் சொல்வது? 2016இல் இந்திய ஆயர் பேரவையே வெளியிட்ட கொள்கை ஆவணம், திருச்சபைக்குள் தீண்டாமை உண்டென்று ஒப்புக்கொண்டுவிட்டது. ஆயர்கள் ஒப்புக்கொண்டதைப் பங்கு மக்கள் மறைத்து யாரைக் காப்பாற்றப் போகிறோம்?

இலக்கியம் இதை ஆயர்களுக்கு முன்பே சொல்லிவிட்டது. பாமாவின் கருக்கு 1992இல் வந்தது. துறவு மடத்திலிருந்து வெளியேறிய பெண்ணின் நூல். இயேசு சபைக் குருவான மாற்குவின் யாத்திரை அடுத்த ஆண்டு வந்தது. கருக்கைப் பற்றி அன்று நம் வட்டாரத்தில் கேட்ட முதல் விமர்சனம், ‘தாய்த் திருச்சபையை இப்படித் தூற்றலாமா’ என்பதே. சுவர் கட்டியவர்கள் தாயைத் தூற்றவில்லையாம்; சுவர் இருக்கிறது என்று எழுதியவர் தூற்றிவிட்டாராம்.

பிறரை மட்டும் குற்றம் சாட்டி முடித்தால் நாமும் வேடதாரிகளே. ஆகவே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நம் தங்கை மகளுக்கு ஒரு வரன் வந்தது. பையன் நல்லவன்; ஆசிரியப் பணி; அதே மறைமாவட்டம்; பாடகர் குழுவில் பாடுபவன். பிள்ளைக்கும் விருப்பம். தங்கை நம் வாயைப் பார்த்தாள். வகுப்பில் கருக்கு நடத்திவிட்டு வந்த அதே மாலையில் நாம் சொன்னோம்: “பையன் மேல் குறை ஒன்றும் இல்லை அம்மா. பழக்கவழக்கம் ஒத்துப்போக வேண்டும் பார். பிள்ளை நாளைக்குச் சங்கடப்படக் கூடாது.” எவ்வளவு அன்பான சொற்கள்! சாதி என்ற சொல்லே அதில் இல்லை. தங்கை தலையசைத்தாள். அந்த வீட்டுக்குத் தகவல் போயிற்று. மறுநாள் வந்த பிள்ளை, “உங்களை நம்பித்தான் இருந்தேன் மாமா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

இஞ்ஞாசியார் சொன்ன வாலை நாம் அன்றுதான் கண்ணால் கண்டோம். தொடக்கத்தில் அக்கறை, நடுவில் விவேகம், முடிவில் ஒரு பெண்ணின் கண்ணீர். அந்தப் பையனைப் பிறகு ஞாயிறு திருப்பலிகளில் பலமுறை பார்த்திருக்கிறோம். சமாதானம் பகிரும் வேளையில் கை கூப்பியிருக்கிறான். நாமும் கூப்பியிருக்கிறோம். அவனிடம் மன்னிப்புக் கேட்டதில்லை.

பொட்டிலும் பொங்கலிலும் அலகையைத் தேடும் பிரசங்கியார்களுக்கு நம் வேண்டுகோள் ஒன்றே. வரும் தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் அந்தத் தேடலை நிறுத்துங்கள். சிலுவைப்பாதையைத் தேர் நுழையாத தெருவின் முனையிலிருந்து தொடங்கி, அந்தத் தெருவின் வழியாகவே நடத்துங்கள். யார் உடன் வருகிறார்கள், யார் முனையோடு நின்றுவிடுகிறார்கள், நிற்பவர்கள் அதற்கு என்ன நல்ல காரணம் சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். அந்த நல்ல காரணத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள். நீங்கள் இத்தனை காலம் தேடியவன் அங்கேதான் பேசுவான்.