ஐப்பசியில் ஒரு பூந்தொட்டி

நோயுற்றவரைப் பேணுவதில் நம் குடும்பங்கள் எவருக்கும் குறைந்தவை அல்ல. வேளை தவறாமல் மருந்து கொடுக்கிறோம், பதம் பார்த்துக் கஞ்சி வைக்கிறோம், இரவெல்லாம் கண்விழித்திருக்கிறோம். ஆயினும் அந்த அன்பில் ஒரு குறை ஒளிந்திருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. நோயாளியின் கையிலிருந்து எல்லா வேலைகளையும் நாம் வாங்கிக்கொண்டுவிடுகிறோம். “நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம், பேசாம இருங்க” என்பதே அவர் வீட்டில் மிகுதியாகக் கேட்கும் சொல்லாகிவிடுகிறது. நேற்றுவரை நாலு பேருக்குச் சோறு போட்டவர், இன்று பிறர் செய்வதை ஏற்றுக்கொள்பவராக மட்டும் ஆகிவிடுகிறார். உடல் தேறிய பின்னும் பலரிடம் தங்கிவிடும் சோர்வுக்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து. இதற்கு எளிய மாற்று ஒன்றுண்டு. அவர் பொறுப்பில் ஒரு பூச்செடியை விடுங்கள். அதைத் தொடங்குவதற்கு ஆண்டிலேயே மிக ஏற்ற காலம் இதுவே.

குளிர்நாடுகளில் இப்பருவத்தை இலையுதிர்காலம் என்பர். மரங்கள் இலை பழுத்து உதிர்க்கும். மக்கள் வாசற்படியில் சாமந்தித் தொட்டிகளை வைத்து, வரப்போகும் உறைபனிக்கு முன் அவ்வாண்டின் கடைசி வண்ணத்தைக் கண்டு மகிழ்வர். அவர்களுக்கு அது முடிவின் காலம். நமக்கோ தொடக்கத்தின் காலம். ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த நம் முன்னோர், ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் என்றனர். விருதுநகர் மாவட்டம் ஆண்டு முழுவதும் பெறும் மழையில் ஏறத்தாழப் பாதியை, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையே தருகிறது. கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் சூலக்கரைக் கரிசல், இம்மாதங்களில்தான் நீருண்டு இளகுகிறது. வெயிலின் கடுமையும் தணிகிறது. இப்போது ஊன்றும் விதை, தைப்பொங்கலை ஒட்டிப் பூத்து நிற்கும்.

செடி வளர்ப்பு நோயாளிக்கு நல்லது என்பது வெறும் நல்லெண்ணப் பேச்சன்று. 1976-ஆம் ஆண்டு எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் என்னும் உளவியல் அறிஞர்கள் இருவர், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் செய்த ஆய்வை வெளியிட்டனர். ஒரு தளத்தில் இருந்தோரிடம், அறையை எப்படி வைத்துக்கொள்வது என்பது போன்றவற்றை நீங்களே முடிவு செய்யுங்கள் என்று சொல்லி, ஆளுக்கொரு செடியைக் கொடுத்து, அதை நீங்களே வளருங்கள் என்றனர். மற்றொரு தளத்தாருக்கும் செடி கொடுக்கப்பட்டது. ஆனால் தண்ணீர் ஊற்றுவதைச் செவிலியர் பார்த்துக்கொள்வர் என்று சொல்லப்பட்டது. மூன்று வாரங்களுக்குப் பின் நோக்கியபோது, பொறுப்பைத் தம் கையில் வைத்திருந்தோர் மற்றவரைவிட மகிழ்ச்சியும் சுறுசுறுப்பும் உடையவராகக் காணப்பட்டனர். அது சிறிய ஆய்வு. பயன் முழுவதையும் செடியின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆனால் இரு தளத்தாருக்கும் கிடைத்தது செடியே என்பதையும், அதைப் பேணுபவர் யார் என்பதில்தான் வேறுபாடு இருந்தது என்பதையும் நாம் மறக்கலாகாது.

பார்ப்பதற்கும் பயன் உண்டு. 1984-இல் ரோஜர் உல்ரிக் என்பவர் ‘சயன்ஸ்’ இதழில் எழுதிய ஆய்வுரையை மருத்துவமனை கட்டுவோர் இன்றும் எடுத்துக்காட்டுகின்றனர். பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை அவர் ஒப்பிட்டார். பாதிப்பேரின் சன்னலுக்கு வெளியே மரங்கள், மீதிப்பேருக்குச் செங்கற்சுவர். மரங்களைப் பார்த்திருந்தோர் சற்று முன்னதாகவே வீடு திரும்பினர். கடுமையான வலிமருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. மருத்துவமனைகளின் முகப்பில் தோட்டம் வேண்டும் என்பதற்கு இது போதிய சான்று. ஆனால் பிறர் வளர்த்த தோட்டத்தைச் சன்னல் வழியே பார்ப்பதோடு நாம் நின்றுவிடக் கூடாது என்பதே என் வாதம்.

“வலியும் கடனுமாகத் தவிக்கிறோம், இந்நேரத்தில் பூவா?” என்று ஒருவர் கேட்கலாம். அது நியாயமான கேள்வி. பூச்செடி வலியைத் தீர்க்காது. மருத்துவச் செலவில் ஒரு ரூபாயையும் குறைக்காது. மருந்துக்கு மாற்றாகவும் ஆகாது. அது தருவது வேறொன்று. நீண்ட நோயில் படுத்தவருக்கு நாட்கள் யாவும் ஒன்றுபோலவே தோன்றும். அடுத்த பரிசோதனை நாள் ஒன்றே எதிர்பார்ப்பாக இருக்கும். செடி வைத்தவருக்கோ நாளை பார்க்க ஒரு துளிர் உண்டு. அடுத்த வாரம் பார்க்க ஒரு மொட்டு உண்டு. அவர் ஒரு நாள் தண்ணீர் ஊற்றாவிட்டால் வாடும் உயிர் ஒன்று இருக்கிறது என்பது, தாம் இன்னும் வேண்டப்படுபவர் என்னும் உணர்வை அவருக்குத் தருகிறது. அவ்வுணர்வை மருந்துச் சீட்டில் எழுதித்தர எந்த மருத்துவராலும் இயலாது.

நம் பகுதிக்கு இது தனியாகவும் பொருந்தும். நாட்டின் பட்டாசில் பெரும்பகுதியைச் செய்துதரும் கைகள் சிவகாசி வட்டாரத்தைச் சேர்ந்தவை. ஐப்பசி இரவில் வானம் காட்டும் சிவப்பும் பச்சையும் அக்கைகளின் உழைப்பு. அத்தொழிலில் தீக்காயமுற்று மீண்டவர்கள் உள்ள ஊர்களும் இங்கே பல. காயம் ஆறிய பிறகு தோல் இறுகி, விரல்கள் மடங்கியபடியே நின்றுவிடாதிருக்க, மூட்டுகளை நாள்தோறும் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று இயன்முறை மருத்துவர் வற்புறுத்துவார். வெறுங்கையை நூறுமுறை மூடித் திறப்பது அலுப்பூட்டும். பலர் இரண்டாம் வாரத்திலேயே விட்டுவிடுவர். காய்ந்த பூவைக் கிள்ளுவதும், நாற்றை இரு விரலால் பற்றி ஊன்றுவதும், தெளிப்பானை அழுத்துவதும் அதே விரல்களுக்கான வேலைகளே. இவை பயிற்சிக்குத் துணையாகுமேயன்றி மாற்றாகா. எதை, எப்போது தொடங்கலாம் என்பதை மருத்துவரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். புண் முழுதும் மூடும்வரை மண்ணைத் தொடவே கூடாது. புதுத்தோல் வெயில் தாங்காது. ஆகவே துணியால் மூடிக்கொண்டு, காலையிலோ மாலையிலோ மட்டும் செடியருகே செல்வது நலம். தீபாவளிக்குப் பிறகு சில வாரங்கள் ஆலைகளில் வேலை ஓய்வதால், உடனிருந்து உதவ வீட்டாருக்கும் நேரம் கிடைக்கும்.

எந்தச் செடியை வைப்பது? விலை மிகுந்த மலைப்பிரதேசச் செடிகள் வேண்டா. அவை இம்மண்ணில் சில வாரங்களில் கருகிவிட, நோயாளியின் மனமும் உடன் வாடும். நம் வெப்பத்துக்குப் பழகியவை போதும். செண்டுமல்லி விதைத்த இரண்டு, இரண்டரை மாதங்களில் மஞ்சளும் ஆரஞ்சுமாகப் பூக்கும். கோழிக்கொண்டை சிவப்புக்குப் பெயர்பெற்றது. வாடாமல்லியின் ஊதாநிறம், பறித்துக் காயவைத்த பிறகும் மாறாது. டிசம்பர் பூ தன் பெயருக்கேற்ப முன்பனியில் பூக்கும். பத்துமணிப் பூவுக்கு ஒரு சிறு தண்டைக் கிள்ளி ஊன்றினாலே போதும். தினமும் வெயில் ஏறியதும் விரியும் அப்பூ, படுக்கையில் இருப்பவருக்கு ஒரு கடிகாரமும் ஆகும். செவ்வந்தி விரும்புவோர் மொட்டுக்கட்டிய செடியாகவே வாங்கலாம். பகற்பொழுது குறையும்போது பூக்கும் இயல்புடையது அது.

தொட்டிக்குக் கரிசலை மட்டும் நிரப்பாதீர்கள். அது நீரைப் பிடித்துவைத்து வேரை அழுகச் செய்யும். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு என்பது எளிய கலவை. மண்தொட்டி இல்லாவிடில், நன்றாகக் கழுவிய பழைய வாளியின் அடியில் நான்கு துளையிட்டுக்கொள்ளலாம். வரிசை வீட்டில் குடியிருப்போருக்கும் வாசற்படியோரம் அரையடி இடம் கிடைக்காமற்போகாது.

இனி எச்சரிக்கைகள். இவற்றைச் சொல்லாமல் பூவைப் பரிந்துரைப்பது பொறுப்பாகாது.

புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொண்டு வெள்ளணுக்கள் குறைந்திருப்போரும், உறுப்புமாற்று சிகிச்சை பெற்றோரும் தொட்டிமண்ணைக் கையாளக் கூடாது. மண்ணிலுள்ள பூஞ்சைகள் அவர்களுக்குத் தீங்கானவை. அவர்கள் விதையைத் தேர்ந்தெடுக்கட்டும். தொட்டியை எங்கே வைப்பது என்று சொல்லட்டும். கைவேலையைப் பிள்ளைகள் செய்யட்டும். பொறுப்பு என்பது மண்ணைத் தொடுவது மட்டுமன்று. சர்க்கரை நோயாளிகள் மழைக்காலத்தில் வெறுங்காலுடன் ஈரமண்ணில் நிற்கலாகாது. பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்கு முள் தைத்ததே தெரியாது. மெலியாய்டோசிஸ் என்னும் கடுந்தொற்றின் கிருமியும் ஈரமண்ணில் வாழ்வது. அது சர்க்கரை நோயாளிகளையே மிகுதியாகத் தாக்கும். செருப்பும் கையுறையும் கட்டாயம். வேலை முடிந்ததும் கைகால்களைச் சோப்பால் கழுவ வேண்டும்.

அழகிய செடிகள் யாவும் தீங்கற்றவை அல்ல. நம் மாநில மலரான செங்காந்தள் இம்மழையில்தான் கொடியோடிப் பூக்கும்; அதன் கிழங்கில் உயிரைப் பறிக்கும் அளவுக்கு நஞ்சுண்டு. அரளி இதயத்துடிப்பைக் குலைக்கும். நித்தியகல்யாணியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். தென்மாவட்ட மானாவாரி நிலங்களில் பயிராகும் இச்செடியிலிருந்தே, 1950-களில் தொடங்கிய ஆராய்ச்சிகளின் பயனாக, வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்னும் புற்றுநோய் மருந்துகள் கிடைத்தன. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு வின்கிரிஸ்டின் இன்றும் இன்றியமையாதது. ஆனால் சர்க்கரைக்கு நல்லதென்று கேட்டு அதன் இலையையும் பூவையும் காய்ச்சிக் குடிப்போர் உள்ளனர், அது ஆபத்து. மருந்தாலையில் பிரித்தெடுத்து அளவறிந்து தரும் பொருள் வேறு. அடுப்பில் காய்ச்சிய சாறு வேறு. குழந்தைகளோ, மறதி நோயுற்ற முதியோரோ உள்ள வீட்டில் இம்மூன்றையும் தவிர்ப்பதே அறிவுடைமை.

இன்னொன்று கொசு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தொட்டியின் கீழ்த்தட்டில் தேங்கும் சிறிதளவு தெளிந்த நீரிலேயே முட்டையிடும். முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகவே வாரம் ஒரு கிழமையைக் குறித்துவைத்து, தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். கீழ்த்தட்டே இல்லாதிருப்பது இன்னும் நல்லது.

மருத்துவமனைகளிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. தோட்டம் என்றால் வேலிகட்டிய புல்தரையும், ‘செடிகளைத் தொடாதீர்’ என்னும் பலகையும்தான் என்ற எண்ணம் மாற வேண்டும். இடுப்பளவு உயரத்தில் ஒரு பாத்தி அமைத்தால், சக்கர நாற்காலியில் வருபவரும் குனியாமல் கைநீட்டித் தொடலாம். மருத்துவர் அனுமதித்த நோயாளிகள் அங்கே நாற்று நடட்டும். கூடத்தில் மணிக்கணக்கில் காத்திருக்கும் துணையாளருக்கும் அப்பாத்தி பத்து நிமிட ஆறுதல் தரும். அவர்களுடைய களைப்பை நாம் கணக்கிலேயே எடுப்பதில்லை. வீடு திரும்பும் நாளில் மருந்துச் சீட்டுடன் ஒரு செண்டுமல்லி நாற்றும் கொடுத்தனுப்பினால் அதற்காகும் செலவு மிகச் சிறிது.

பூ வளர்ப்பதைச் சிறு வேலையென்று ஆண்கள் தள்ள வேண்டியதுமில்லை. நந்தவனம் பேணி மாலை தொடுப்பதையே தம் வாழ்நாள் தொண்டாகக் கொண்ட பெரியாழ்வாரின் ஸ்ரீவில்லிபுத்தூர் இம்மாவட்டத்தில்தான் உள்ளது.

இக்கட்டுரையைப் படிக்கும் துணையாளரிடம் ஒன்று கேட்கிறேன். இந்த வாரம் உங்கள் நோயாளியிடம், “எந்தப் பூ வைக்கலாம்?” என்று கேளுங்கள். அவர் சொல்வதையே வாங்குங்கள். மருத்துவர் இசைந்தால் அவரே ஊன்றட்டும். அவரே பூவாளியைப் பிடிக்கட்டும். கை நடுங்கிச் சிறிது நீர் சிந்தினால் சிந்தட்டும். அந்நேரம் நீங்கள் செய்ய வேண்டிய உதவி ஒன்றே: அவர் கையிலிருந்து பூவாளியை வாங்காதிருப்பது.