மேடையைக் காக்கும் நாடா

நாடக மேடையிலே விளக்கணைத்துக் காட்சி மாற்றும் வேளையில், தரையிற் கிடக்கும் மின்கம்பி நடிகரின் காலை இடறினால் எலும்பும் முறியக்கூடும். இவ்விபத்தைத் தடுக்க மேடைப் பணியாளர் கையாளுவது ‘கஃபர்’ நாடா எனும் துணி ஒட்டுநாடாவாகும். ஆங்கிலத் திரைப்படத்துறையில் ஒளியமைப்போரின் தலைவரைக் ‘கஃபர்’ என்பர். நாடாவின் பெயரும் அதுவே ஆயிற்று.

இதனைக் கத்தரியின்றிக் கையாலே கிழிக்கலாம். பளபளப்பற்ற கரிய மேற்பரப்பு விளக்கொளியைத் திருப்பி வீசுவதில்லை. உரித்தெடுத்தாற் பசை எஞ்சுவதும் அரிது. இதனையொத்த ‘டக்ட்’ நாடாவோ பிசுபிசுப்பை விட்டுச்செல்லும். எனினும், விளக்கின் வெப்பம் நெடுநேரம் பட்டால் இதன் பசையும் இளகித் தரையிலே தங்கிவிடும்.

பாடசாலையில் நாடகம் நடத்தும் மாணவர்கள் ஒன்றை மனங்கொள்ளுதல் வேண்டும். துண்டு துண்டாக ஒட்டினால் இடையிலே கால் சிக்கும். ஆதலால் கம்பியின் நீளம் முழுவதையும் மூடி ஒட்டுக. நாடகம் முடிந்த அன்றே உரித்துவிடுக.