சிறு தழும்பும் ஒன்பது மாதமும்

கரிசல் என்றதும் இலக்கிய வாசகருக்குக் கி.ரா.வின் இடைசெவல் நினைவுக்கு வரும். கோவில்பட்டியின் ஹாக்கி அவ்வளவாக வருவதில்லை. 2022 ஆசியக் கோப்பைக்கான இந்திய அணியில் இடம்பெற்ற மாரீஸ்வரன் சக்திவேல் இவ்வூர்க்காரர்.

குனிந்தபடி ஓடிச் சட்டெனத் திரும்பும் ஆட்டம் இது. அப்படித் திரும்புகையில் முழங்காலின் முன் குறுக்குத் தசைநார் அறுந்தால் பெரும்பாலும் தானாக ஒட்டாது. ஆர்த்ராஸ்கோப் என்னும் மெல்லிய குழாய்க் கருவியைச் சிறு துளை வழியே செலுத்தி உள்ளே பார்த்துக்கொண்டே, தொடையின் பின்புறத்திலிருந்து எடுத்த தசைநாணை எலும்பில் துளையிட்டுப் பொருத்துகிறார்கள். 1918-இல் தோக்கியோவில் தகாகி கெஞ்சி, சிறுநீர்ப்பையை நோக்கும் கருவியைப் பிணமொன்றின் முழங்காலுக்குள் விட்டுப் பார்த்ததில் தொடங்கிய வித்தை.

தழும்பு சிறிதாயிருப்பதே ஆபத்து என்பது என் கட்சி. பொருத்திய நாண் முதற்சில மாதங்கள் நலிந்து, பிறகே மெல்ல உறுதிப்படுகிறது. வலியோ அதற்கு வெகு முன்னரே போய்விடும். பிள்ளை மட்டையைத் தூக்கிவிடும். ஒன்பது மாதத்துக்குள் களமிறங்கினால் மீண்டும் காயம்படும் வாய்ப்பு கூடுகிறது. அறுவைக்கு மதுரைக்கோ நெல்லைக்கோ ஒருமுறை போய்வரலாம். வாரந்தோறும் பயிற்சிக்காகப் பேருந்து ஏறினால் தீப்பெட்டி ஆலைக் கூலியில் எந்த வீடு தாங்கும்? செயற்கைப் புல்தரையை ஒட்டியே ஓர் இயன்முறை மருத்துவர், ஊர்ப்பிள்ளைகள் எவரும் அணுகும்படி, நிரந்தரமாக இருக்கவேண்டும். அகில இந்தியப் போட்டிகளை நடத்திப் பழகிய ஊருக்கு இது பெருஞ்செலவன்று.