திரையில் தெரியும் மோதல், ஷெட்டில் தெரியாதா?

கட்டடத் தொழிலில் பெரும் புரட்சி வந்துவிட்டது என்று கம்பெனிகள் முரசு கொட்டுகின்றன. ஒரு செங்கல்லைக் கூட வைக்குமுன் கட்டடம் முழுவதையும் கம்ப்யூட்டரில் கட்டிப் பார்த்துவிடலாமாம்! இதற்கு 'பிம்' என்று பெயர். தூணுக்கும் உத்தரத்துக்கும் கணக்குப் போடும் எஞ்சினியர் சென்னையில் இருப்பார். குழாய்க்கும் மின்கம்பிக்கும் படம் போடுபவர் புனேயில் இருப்பார். கட்டுகிற கான்டிராக்டர் வேறோர் ஊரில் இருப்பார். அத்தனை பேரும் ஒரே மாதிரிப் படத்தைத் தத்தம் திரையில் திறந்து வைத்துக்கொண்டு கூடி வேலை செய்கிறார்கள். குழாய் போகும் வழியில் உத்தரம் குறுக்கிட்டால், "இங்கே மோதல்" என்று கம்ப்யூட்டரே காட்டிக் கொடுத்துவிடும். கட்டிய பின் இடிக்கிற செலவு மிச்சம். பிரிட்டிஷ் சர்க்கார் தன் கட்டட வேலைகளுக்கு 2016 முதல் இதைக் கட்டாயமாக்கியது. நம் நாட்டில் நாக்பூர் மெட்ரோ ரயிலை இந்த முறையில் கட்டினார்கள்.

நல்லது. விஞ்ஞானத்துக்கு விரோதிகளல்ல நாம். நாம் கேட்பது ஒரே கேள்வி: இந்தக் 'கூட்டு வேலை'யில் கூட்டாளிகள் யார் யார்? அந்தக் கட்டடத்துக்குள் உயிரைப் பணயம் வைத்து வேலை செய்கிறவனுக்கு அதில் இடம் உண்டா?

அதே நாக்பூரில்தான் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் தலைமை அலுவலகம் இருக்கிறது. ஏழாயிரம்பண்ணை, வெம்பக்கோட்டை, சிவகாசி வட்டாரத்துப் பெரிய பட்டாசு ஆலைகள் 'நாக்பூர் லைசென்ஸ்' வாங்கித்தான் நடக்கின்றன. அந்த லைசென்ஸுக்கு அடிப்படை ஒரு வரைபடம். மருந்து கலக்கிற அறை எது, அடைக்கிற அறை எது, காய வைக்கிற மேடை எது, ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் இடைவெளி எவ்வளவு என்பதெல்லாம் அதில் உண்டு. அந்த இடைவெளி அழகுக்காக விட்டதல்ல. ஓர் அறை வெடித்தால் பக்கத்து அறையில் இருப்பவர்கள் பிழைக்க வேண்டும் என்பதற்காக விட்டது. ஓர் அறையில் 4 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பதும் அதற்காகத்தான்.

படம் பைலில் பத்திரமாக இருக்கிறது. தரையில் நடப்பது என்ன? ஒரே ஆலையைப் பலருக்கு உள்குத்தகைக்குப் பிரித்து விடுகிறார்கள். ஒவ்வொரு குத்தகைக்காரருக்கும் தீபாவளி ஆர்டர் அவசரம். 4 பேர் உட்கார வேண்டிய அறையில் மேலும் மேலும் ஆட்களைத் திணிக்கிறார்கள். அறை போதாவிட்டால் மரத்தடி! உயிர் காப்பதற்கென்று காலியாக விட்ட மண்ணிலேயே மருந்தும் மனிதர்களும்! ஓர் அறையில் விழுந்த பொறி ஆலை முழுவதையும் தின்பதற்குப் பாதை போட்டுக் கொடுத்தாயிற்று.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 38 பேர் மாண்டார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று ஏழாயிரம்பண்ணைக்கு அருகே அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்து, ஓய்வு பெற்ற நீதிபதி கண்ணன் தலைமையில் குழு அமைத்தது. ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் விசாரணை உண்டு. நிவாரண அறிவிப்பு உண்டு. வெடிப்பதற்கு முன்னால் படத்தையும் தரையையும் ஒப்பிட்டுப் பார்த்தவர் யார்? குழாயும் உத்தரமும் மோதினால் பதறுகிற உலகத்துக்கு, சட்டமும் ஷெட்டும் மோதுவது கண்ணில் படவில்லையா?

இன்னொரு காட்சியையும் பாருங்கள். கந்தக பூமியில் பிறந்த பிள்ளை, தாய் மருந்து அடைத்துச் சேர்த்த கூலியில் எஞ்சினியரிங் படிக்கிறான். சென்னையிலோ கோவையிலோ படம் போடும் கம்பெனியில் வேலை கிடைக்கிறது. அமெரிக்காவில் எழும்பும் ஓர் ஆஸ்பத்திரியின் குழாய் எதனோடும் மோதாதபடி அங்குலம் அங்குலமாகப் பார்த்துத் தருகிறான். அவன் பெற்ற தாயோ, தான் உட்காரும் அறையின் வரைபடத்தை ஆயுளில் ஒரு நாளும் பார்த்ததில்லை! பல்லாயிரம் மைல் தூரத்துக் கட்டடத்துக்குப் பாதுகாப்பு ஏற்றுமதி. பெற்றவளுக்கு விதியின் மேல் பழி!

"சின்ன ஷெட்டுக்குக் கம்ப்யூட்டர் மாதிரியா? கட்டுப்படியாகாது" என்பார்கள். நாலு சுவரையும் ரெண்டு வாசலையும் வரைய என்ன செலவு? "தொழில் ரகசியம் போய்விடும்" என்பார்கள். மருந்தின் சேர்மானத்தை ரகசியமாக வைத்துக்கொள்ளுங்கள். வாசல் எந்தப் பக்கம், அடுத்த ஷெட் எத்தனை மீட்டர் என்பதில் என்ன ரகசியம்?

லண்டனில் கிரென்ஃபெல் என்ற அடுக்கு மாடிக் கட்டடம் 2017 ஜூன் 14 அன்று எரிந்தது. 72 பேர் இறந்தார்கள். தீ ஆபத்து என்று அங்கே குடியிருந்தவர்கள் முன்கூட்டியே எச்சரித்திருந்தார்கள், கேட்பாரில்லை. அதன் பிறகுதான், உயரமான குடியிருப்புகளின் விவரங்களைக் கம்ப்யூட்டரில் திருத்தமாகக் காத்து வர வேண்டும், குடியிருப்போருக்கும் பாதுகாப்பு விவரங்களைச் சொல்ல வேண்டும் என்று 2022-ல் சட்டம் வந்தது. 72 உயிர் கொடுத்து வாங்கிய பாடம் அது. நாம் கொடுத்த உயிர்கள் இன்னும் போதவில்லையா?

எனவே நாம் கோருகிறோம்:

லைசென்ஸ் பெற்ற ஒவ்வொரு பட்டாசு ஆலைக்கும் கம்ப்யூட்டர் மாதிரிப் படம் வேண்டும். அது சர்க்கார் செலவில் தயாராகட்டும்.

அந்தப் படம் தமிழில், அறைக்கு எத்தனை ஆள், எவ்வளவு மருந்து என்ற கணக்கோடு, ஆலை வாசலிலும் தொழிலாளியின் கைபேசியிலும் இருக்க வேண்டும்.

படத்துக்கும் தரைக்கும் உள்ள வித்தியாசத்தைத் தொழிலாளர் கமிட்டி எழுதிக் கொடுத்தால், அந்த ஷெட்டில் அன்றே வேலை நிற்க வேண்டும். நிற்கிற நாளுக்கும் கூலி உண்டு. சொன்னவரை வேலையை விட்டு நீக்கக் கூடாது.

உள்குத்தகை ஒழிய வேண்டும்.

கடைசிக் கோரிக்கை இல்லாமல் முதல் மூன்றும் வெறும் பொம்மைப் படமாகிவிடும் என்பதை நாம் அறிவோம். ஆபீஸர் மட்டும் பார்க்கிற படம், காகிதத்தில் இருந்தாலும் திரையில் இருந்தாலும் ஒன்றுதான். வெடித்தால் முதலில் சாகிறவள் எவளோ, அந்தப் படத்தை முதலில் பார்க்கும் உரிமை அவளுக்கே!