கூட்டம் கூட்டாத கையெழுத்து

"இங்க ஒரு கையெழுத்துப் போடும்மா" என்றால் படிக்காமலே போட்டுவிட்டுப் போகும் நம்ம சனத்தை வங்கி கவுன்ட்டரில் தினமும் பார்க்கிறேன். அமெரிக்காவில் இதற்குச் சட்டத்திலேயே வழி வைத்திருக்கிறான். மாற்றுத்திறனாளி மாணவரின் தனிக் கல்வித் திட்டத்தை, ஆண்டுக் கூட்டம் முடிந்தபின், பெற்றோர் ஒத்துக்கொண்டால் கூட்டம் கூட்டாமலே எழுத்தில் திருத்தலாம் என்கிறது 2004 சட்டத்திருத்தம்.

வசதியாம். யாருக்கு?

ஐக்யூ சோதனை வைத்துக் கறுப்பினப் பிள்ளைகளை 'மந்தபுத்தி' வகுப்பில் தள்ளியதை 1979இல் கலிஃபோர்னியாவில் நீதிமன்றம் தலையிட்டுத்தான் தடுத்தது. அந்த நாட்டில் ஒரு கறுப்பினத் தாயிடம், பிள்ளையின் பேச்சுப்பயிற்சி நேரத்தைக் குறைக்கும் தாளை நீட்டினால்? எதிரே உட்கார்ந்தால் 'ஏன்' என்று ஆசிரியரைக் கேட்பாள். தாளை என்னத்தைக் கேட்பது? திருத்திய திட்டத்தின் பிரதிகூடக் கேட்டால்தான் கிடைக்கும். கூட்டம்தான் வேண்டும் என்று மறுக்க அவளுக்கு உரிமை உண்டு. அதை யார் சொல்வது?

தோழர்களே, எதிரே உட்கார ஒரு நாற்காலி கேட்டு அடிபட்ட சனம் நாம். நமக்குப் புரியாதா, கூட்டம் எதற்கென்று?