வலையமைப்பின் திறவுகோல் எவர் கையில்?

கல்லூரியாயினும் வைத்தியசாலையாயினும் வங்கியாயினும், வலையமைப்பின்றி ஒருநாளேனும் இயங்குதல் இக்காலத்தில் அரிது. அவ்வலையமைப்பின் சந்திகளிலே நிற்பன ஆளிகளும் வழிப்படுத்திகளும். எக்கணினி எதனோடு தொடர்பு கொள்ளலாம் என்பதை அவற்றுள் இடப்பட்ட அமைப்புக் கட்டளைகளே தீர்மானிக்கின்றன. கருவி ஒவ்வொன்றிலும் தனித்தனியே புகுந்து அக்கட்டளைகளை மாற்றுதல் அலுப்புத் தரும் வேலை. ஆகவே, பி.எச்.பி. போன்ற வலைமொழியிலே ஒரு பக்கத்தை எழுதி, பொத்தானை அழுத்தியவுடன் கருவியின் அமைப்பு மாறுமாறு செய்யப் பலரும் விரும்புகின்றனர். இவ்விருப்பம் தவறென்று யான் கூறேன். அதனை நிறைவேற்ற மேற்கொள்ளப்படும் எளிய வழியே ஆபத்தானது என்பது எனது துணிபு.

வலைச் சேவையகம் என்பது பலரும் வந்து தட்டும் வாயில். கருவிகளின் முதன்மைக் கடவுச்சொல்லை வலைப்பக்கத்தின் செய்நிரலுக்குள் எழுதி வைத்தல், பெட்டகத்தின் திறவுகோலை வாயிற்கதவிலே தொங்கவிடுதலை ஒக்கும். அப்பக்கத்தில் ஓர் ஓட்டை கண்டவன் வலையமைப்பு முழுவதற்கும் அதிபதியாவான். அன்றியும், படிவத்தில் எழுதப்படுவதை ஆராயாது அப்படியே கட்டளையோடு சேர்த்து அனுப்பினால், ஆளியின் பெயரைக் கேட்ட இடத்திலே தீயோன் ஒருவன் வேறொரு கட்டளையையே எழுதிவிடலாம்.

கட்டளை செல்லும் வழியும் கவனிக்கத்தக்கது. பழைய ரெல்நெற் முறையிலே கடவுச்சொல் மறைப்பின்றிச் செல்லும். இடையிலிருந்து ஒற்றுக்கேட்பவன் அதனை எளிதில் அறிவான். ஹெல்சிங்கித் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் இவ்வாறு கடவுச்சொற்கள் களவாடப்பட்டமையே, 1995 ஆம் ஆண்டில் தாத்து யுலொனென் என்பவர் எஸ்.எஸ்.எச். என்னும் மறைகுறி முறையை ஆக்கக் காரணமாயிற்று. 1988 இல் வெளிவந்த எஸ்.என்.எம்.பி. முறையின் முதற் பதிப்பிலும் இதே குறை இருந்தது. ஆளடையாளமும் மறைகுறியும் அதன் மூன்றாம் பதிப்பிலேதான் செம்மையாக அமைந்தன. கருவிகளைக் கண்காணிக்க உதவிய அம்முறை அவற்றின் அமைப்பை மாற்றுதற்குப் போதாதென வலையமைப்பாளர் கண்டமையால், 2006 இல் நெற்கொன்ப் என்னும் புதிய முறை வகுக்கப்பட்டது.

“எமது சிறிய வலையமைப்பை எவன் தேடி வருவான்?” என்று சிலர் வினவுவர். 2016 இல் பரவிய மிராய் என்னும் தீநிரல் ஆளைப் பார்த்து வரவில்லை. ஆலையிலிருந்து வந்தபடியே மாற்றப்படாது கிடந்த கடவுச்சொற்களை ஒவ்வொன்றாக இட்டுப் பார்த்துக் கமராக்களையும் வழிப்படுத்திகளையும் கைப்பற்றிற்று. சிறியவற்றின் அக்கூட்டமே அவ்வாண்டு ஒக்டோபர் 21 இல் டைன் கம்பனியின் பெயர்ச் சேவையைத் தாக்கி, புகழ்பெற்ற தளங்கள் பலவற்றை எட்டவியலாதனவாக்கிற்று.

“வலைப்பக்கமே வேண்டா, வல்லுநர் கையாலேயே செய்க” என்பார் மற்றொரு சாரார். வல்லுநர் கையும் தவறும். 2021 ஒக்டோபர் 4 இல், பராமரிப்பின்போது இடப்பட்ட ஒரு கட்டளை பேஸ்புக்கின் முதுகெலும்பு வலையமைப்பைத் துண்டித்தது. அதனைத் தடுத்திருக்க வேண்டிய சோதனைக் கருவியும் ஒரு பிழையினாலே தடுக்கத் தவறிற்று; சேவை ஏறத்தாழ ஆறு மணி நேரம் முடங்கிற்று. மேலும், கையாற் செய்தவை பெரும்பாலும் பதிவின்றிப் போகின்றன. செய்தவர் விலகிச் சென்றால் அவரோடு அறிவும் செல்கின்றது.

ஆதலின், வேலையை இரண்டாகப் பிரித்தலே தக்கது. வலைப்பக்கம் வேண்டுகோளை மட்டும் ஏற்கட்டும். அதுவும் பட்டியலிலிருந்து தெரிந்தெடுப்பதாக அமையட்டும். கேட்டவர் யார், எப்பொழுது, எதனை என்பன பதியப்படட்டும். வெளியார் எட்டவியலாத உட்கணினியில் இயங்கும் வேறொரு செய்நிரலிடமே திறவுகோல் இருக்கட்டும். அது முன்னரே வரையறுத்த சில பணிகளை மாத்திரம் எஸ்.எஸ்.எச். வழியாகச் செய்யட்டும். எதிரே நிற்பது உண்மையில் அக்கருவியே என்பதை அதன் அடையாளச் சாவியைக் கொண்டு சரிபார்த்தல் இன்றியமையாதது. தொல்லையென்று அச்சோதனையை நீக்கிவிட்டால் மறைகுறியாற் பயனில்லை. கருவியிலும் அச்செய்நிரலுக்கு வேண்டிய அளவு அதிகாரமே கொடுக்கப்படல் வேண்டும். நெற்கொன்ப் முறையிலே, குறித்த நேரத்துள் மாற்றம் உறுதிசெய்யப்படாவிடின் கருவி தானே பழைய நிலைக்கு மீளும் வசதியுண்டு. அக்காலம் வேறாகக் குறிக்கப்படாதவிடத்து 600 செக்கன்கள். அவ்வசதியுள்ள இடங்களில் அதனைப் பயன்படுத்தாமை மடமை.

இம்மலரை வாசிக்கும் மாணவருட் சிலரிடம் நாளை ஒரு நிறுவனம், “மாலைக்குள் ஒரு பக்கம் எழுதித் தருக” என்று கேட்கும். எழுதுதல் அவர்க்கு அரிதன்று. ஆயினும், பின்னர் ஏதேனும் கேடு நேருமிடத்துப் பழி எழுதியவர் மேலேயே விழும். அவசரப்படுத்தியவர் மேல் விழாது. ஆகவே, நிறுவனங்களை நடாத்தும் பழைய மாணவர்க்கு யான் வேண்டுவது இதுவே: அவ்விளைஞர்க்கு ஒரு மாலையன்று, ஒரு வாரம் கொடுங்கள். திறவுகோலை எங்கே வைப்பதென்று சிந்திக்க அக்காலம் அவர்க்கு வேண்டும்.