மாட்டு டாக்டர்தான்... அதுக்கென்ன?



வீட்டுக்கு விருந்தாளி யார் வந்தாலும் உங்களிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "படிச்சு முடிச்சு என்ன ஆகப்போறே?" இன்ஜினியர், கலெக்டர், டாக்டர் என்று சொன்னால் தலையைத் தடவி, "சபாஷ்" என்பர். "மாடு, நாய்க்கெல்லாம் வைத்தியம் பார்க்கும் டாக்டர் ஆவேன்" என்று சொல்லிப் பாருங்கள். "மாட்டு டாக்டரா?" என்று ஒரு சிரிப்பு சிரிப்பர். பக்கத்தில் இருக்கும் சித்தப்பாவும் சேர்ந்து சிரிப்பார். அதோடு அந்தப் பிள்ளை அந்த ஆசையை வெளியே சொல்வதையே விட்டுவிடும்.

இன்றைக்கு அந்தப் பிள்ளையோடுதான் பேசப் போகிறேன். மற்றவர்களும் கேட்கலாம்.

முதலில் அந்தச் சிரிப்புக்கு ஒரு பதில். உலகத்திலிருந்தே அடியோடு ஒழிக்கப்பட்ட நோய்கள் இதுவரை இரண்டுதான். ஒன்று, மனிதர்களைக் கொன்ற பெரியம்மை. இன்னொன்று, மாடுகளைக் கொன்ற வெக்கை நோய். ஊருக்குள் வெக்கை நுழைந்தால் கொட்டகை கொட்டகையாக மாடுகள் சாயும். உழ மாடில்லை, பால் இல்லை, எரு இல்லை... அப்புறம் மனிதனுக்கும் சோறில்லை. 1890-களில் ஆப்பிரிக்காவில் இந்நோய் பரவி பெரும் பஞ்சத்தையே கொண்டு வந்தது. இமயமலைப் பகுதியிலுள்ள முக்தேஸ்வரில் இருந்த ஆய்வு நிலையத்தில், 1920-களில் இதற்கு ஒரு தடுப்பு மருந்து உருவானது. அப்புறம் இன்னும் நல்ல மருந்துகள் வந்தன. ஊர் ஊராக, மந்தை மந்தையாக ஊசி போட்டு, கடைசியில் 2011-ல் 'வெக்கை நோய் உலகில் இல்லை' என்று அறிவித்தனர். இதைச் செய்து முடித்ததில் பெரும் பங்கு யாருக்குத் தெரியுமா? நாம் சிரிக்கிறோமே... அந்த மாட்டு டாக்டர்களுக்குத்தான்!

சரி. இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. விலங்குகளோடு வேலை செய்ய ஏன் ஆசைப்படுகிறீர்கள்?

"எனக்கு நாய்க்குட்டின்னா உயிர்!" என்பதுதான் பத்தில் ஒன்பது பேரின் பதிலாக இருக்கும். நல்ல பதில்தான். ஆனால், அது போதாது. கொஞ்சி விளையாடுவது வேறு, வேலை வேறு. ஒரு பசு கன்று ஈன முடியாமல் தவிக்கிறது என்று வையுங்கள். கன்றின் முன்னங்கால் உள்ளே மடங்கிக் கிடக்கிறது. மழை பெய்யும் நடுராத்திரி. டாக்டர் தோள் வரை உறை மாட்டி, கையை உள்ளே விட்டு, அந்தக் காலை நீட்டி, கன்றை வெளியே இழுக்க வேண்டும். உடம்பெல்லாம் சாணமும் ரத்தமும்தான். சில நாள் கன்று பிழைக்கும். சில நாள் பிழைக்காது. செத்த விலங்கை அறுத்து, எதனால் செத்தது என்று பார்க்கும் வேலையும் அவருடையதுதான். இனிப் பிழைக்கவே முடியாது, வலியில் துடிக்கிறது என்று தெரிந்தால், ஊசி போட்டு நிம்மதியாக அனுப்பிவைக்கவும் வேண்டியிருக்கும். பிடித்த விலங்கு என்பதால் கை நடுங்கினால் அந்த விலங்குக்குத்தான் கஷ்டம்.

பயமுறுத்துகிறேனோ? இல்லை. இதையெல்லாம் தெரிந்துகொண்டு வருகிறவர்கள்தான் இந்த வேலையில் நிலைத்து நிற்கின்றனர்.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. உங்களுக்கு வயிறு வலித்தால், "இங்கேதான் வலிக்குது டாக்டர்" என்று காட்டுவீர்கள். பசு எதைக் காட்டும்? ஆடு மாடுகள் முடிந்தவரை நோவை மறைக்கவே பார்க்கும். காட்டில் வாழ்ந்த காலத்துப் பழக்கம் அது. தளர்ந்து தெரிந்தால் புலிக்கு இரை! அதனால்தான் நல்ல கால்நடை டாக்டர் கொட்டகை வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிடுவார். மாடு அசை போடுகிறதா, மூக்கு நுனி ஈரமாக இருக்கிறதா, காது எப்படி இருக்கிறது, நான்கு காலிலும் சமமாக நிற்கிறதா, சாணம் இளகியிருக்கிறதா, இடது பக்க வயிறு மத்தளம் போல உப்பியிருக்கிறதா... இத்தனையும் பார்த்த பிறகுதான் பையைத் திறப்பார். இடது விலாவுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் கையை வைத்து, வயிறு எத்தனை தடவை அசைகிறது என்று எண்ணுவார். நன்றாக இருக்கும் மாட்டுக்கு இரண்டு நிமிடத்தில் மூன்று தடவை போல அசையும். தெர்மாமீட்டரில் 101.5 டிகிரி காட்டினால் உங்களுக்கு அது காய்ச்சல். மாட்டுக்கு அதுதான் சரியான சூடு. கோழிக்கு இன்னும் அதிகம்.

ஆக, இந்த வேலைக்கு முதல் பாடம், பார்ப்பது. அதைக் கற்றுக்கொள்ள பிளஸ் 2 முடிக்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை. இன்றைக்கே தொடங்கலாம்.

ஜேன் குடால் அப்படித்தான் தொடங்கினார். சிம்பன்சி குரங்குகளைப் பற்றி உலகுக்குச் சொன்ன விஞ்ஞானி; 2025 அக்டோபரில், 91 வயதில் மறைந்தார். ஐந்து வயதுகூட நிரம்பாதபோது அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. கோழியின் உடம்பில் முட்டை வருகிற அளவுக்குப் பெரிய ஓட்டை எங்கே இருக்கிறது? யாரைக் கேட்டும் சரியான பதில் இல்லை. கோழிக் கூண்டுக்குள் போய், வைக்கோலில் மறைந்து உட்கார்ந்துவிட்டார். ஒரு மணி, இரண்டு மணி இல்லை... சுமார் நான்கு மணி நேரம்! வீட்டில் குழந்தையைக் காணோம் என்று போலீசுக்கே சொல்லிவிட்டனர். கடைசியில் உடம்பெல்லாம் வைக்கோலோடு ஓடிவந்தது குழந்தை. அம்மா திட்டவில்லை. முட்டை எப்படி வந்தது என்று மகள் சொன்னதை உட்கார்ந்து முழுக்கக் கேட்டார். (பெற்றோர் யாராவது இதைப் படித்தால், இந்த இடத்தை இன்னொரு முறை படிக்கவும்!)

அதே ஜேன், 1960-ல், 26 வயதில், கல்லூரிப் பட்டம் எதுவும் இல்லாமல் ஆப்பிரிக்காவின் கோம்பே காட்டுக்குப் போனார். கையில் தொலைநோக்கியும் நோட்டுப் புத்தகமும். சிம்பன்சிகள் அவரைக் கண்டாலே ஓடின. மாதக்கணக்கில் பொறுமையாக உட்கார்ந்திருந்தார். ஒரு நாள், ஒரு சிம்பன்சி புல் தண்டைக் கரையான் புற்றுக்குள் விட்டு, அதில் ஒட்டிய கரையான்களை நக்கித் தின்பதைப் பார்த்தார். 'கருவி செய்து பயன்படுத்தத் தெரிந்தவன் மனிதன் மட்டும்தான்' என்று அதுவரை சொல்லி வந்தவர்கள் வாயடைத்துப் போயினர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நம் ஊரிலும் இப்படிப்பட்ட கண்கள் உண்டு. செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த இருளர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் பள்ளிப் படிப்புப் படித்தவர்கள் இல்லை. அமெரிக்காவின் புளோரிடாவில் பெருகிப்போன பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க முடியாமல் அங்குள்ளவர்கள் திணறியபோது, 2017-ல் இவர்களை அழைத்தனர். சுமார் ஒரு வாரத்திலேயே 13 மலைப்பாம்புகள் பிடிபட்டன. எப்படி? பாம்பு போன தடம், அதன் எச்சம், புல் மடங்கியிருக்கும் விதம் இவற்றைப் படித்தே கண்டுபிடித்தனர். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. நீங்கள் பாம்பு பிடிக்கக் கிளம்பிவிடாதீர்கள்! அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கற்ற வித்தை அது.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்கள். ஒரே ஒரு உயிரைத் தேர்ந்தெடுங்கள். வீட்டுப் பசுவோ, எதிர் வீட்டு நாயோ, காக்கையோ, அணிலோ, எதுவானாலும் சரி. தினம் பத்து நிமிடம் தள்ளி நின்று பாருங்கள். பார்த்ததை எழுதுங்கள்.

இதில்தான் ஒரு சூட்சுமம். 'நாய் சோகமாக இருந்தது' என்று எழுதக் கூடாது. அது நீங்கள் நினைத்தது. 'வாலைக் கால்களுக்கு இடையே வைத்திருந்தது. வைத்த சோற்றை மோந்து பார்த்துவிட்டு விலகிப் போனது. வலது பின்னங்காலைத் தரையில் ஊன்றவில்லை' என்று எழுதுங்கள். இது நீங்கள் பார்த்தது. முதலாவதைப் படித்தால் டாக்டருக்கு ஒன்றும் விளங்காது. இரண்டாவதைப் படித்தால், "காலில் முள் ஏறியிருக்கா பார்க்கலாம்" என்பார். நாய் தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை வைத்து, ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுங்கள். 15-லிருந்து 30-க்குள் இருக்கும். ஓடி வந்து நாக்கைத் தொங்கப்போடும்போது எண்ண முடிகிறதா பாருங்கள்!

கணக்கு வராது என்பவர்களுக்கும் ஒரு வேலை. மருந்தின் அளவு உடம்பு எடையைப் பொறுத்தது. பசுவை எந்தத் தராசில் நிறுத்துவது? டேப் எடுத்து, முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி அளக்க வேண்டும். பிறகு தோள் முனையிலிருந்து பின்பக்க இடுப்பு எலும்பின் முனை வரை நீளம். இரண்டும் அங்குலத்தில். மார்புச் சுற்றளவை அதாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் எடை ஏறக்குறைய கிலோவில் வந்துவிடும். சுற்றளவு 60, நீளம் 50 என்றால்? நீங்களே போடுங்கள். வீட்டில் பசு இருந்தால், பெரியவர்கள் பிடித்துக்கொள்ள நீங்கள் அளக்கலாம்.

லீவு நாளில், அப்பாவோ அம்மாவோ கூட வர, உங்கள் ஊர் அரசு கால்நடை மருந்தகத்துக்கு ஒரு காலைப் பொழுது போய் வாருங்கள். கூட்டம் குறைந்ததும், ஓரமாக நின்று பார்க்கலாமா என்று டாக்டரிடம் அனுமதி கேளுங்கள். வெறிநோய் தடுப்பூசி முகாம் நடந்தால் அவசியம் போங்கள். ஜூலை 6-ஆம் தேதி பல ஊர்களில் நடக்கும். அந்தத் தேதிக்குக் காரணம் உங்கள் வயதுப் பையன் ஒருவன். 1885-ல், அதே நாளில், வெறிநாய் கடித்த ஜோசப் மெய்ஸ்டர் என்ற 9 வயதுச் சிறுவனுக்கு லூயி பாஸ்டர் தன் தடுப்பு மருந்தைச் செலுத்தினார். பையன் பிழைத்துக்கொண்டான்.

இங்கே கொஞ்சம் கண்டிப்பாகப் பேச வேண்டும். விலங்கு மேல் ஆசை உள்ள பிள்ளைகள்தான் தெருநாய்க்கு பிஸ்கட் கொடுக்கப் போய்க் கடி வாங்குவர். 'வீட்டில் சொன்னால் அடி விழும், நாயையும் துரத்திவிடுவார்கள்' என்று பயந்து மறைத்தும் விடுவர். தயவுசெய்து மறைக்காதீர்கள். கடி, நகக் கீறல், காயத்தில் நக்கியது, எதுவானாலும், வீட்டுக் குட்டியே ஆனாலும், உடனே குழாய்த் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், காப்பித் தூள், சுண்ணாம்பு எதையும் வைக்காதீர்கள். அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். ஊசி இலவசம். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்பதெல்லாம் பழங்கதை, இப்போது கையில்தான். சொன்ன தேதிகளில் எல்லா ஊசியையும் போட்டு முடிக்க வேண்டும். வெறிநோய் வெளியே தெரிய ஆரம்பித்துவிட்டால் காப்பாற்ற வழியே இல்லை என்பதால்தான் இத்தனை தூரம் சொல்கிறேன். பெற்றோரே, கடி வாங்கி வந்த பிள்ளையைத் திட்டும் வேலையை ஊசி போட்ட பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. பச்சைக்கிளியைக் கூண்டில் அடைத்து வளர்த்து, 'நான் பறவை நேசன்' என்று சொல்ல வேண்டாம். நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும் வளர்ப்பதும் சட்டப்படி குற்றம்.

படிப்பு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்பு முடித்ததும் இயற்பியல், வேதியியல், உயிரியல் உள்ள குரூப்பில் சேர வேண்டும். அப்புறம் கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பு ஐந்தரை ஆண்டு. அதில் கடைசி ஓராண்டு முழுக்கக் கைப்பயிற்சி. தமிழ்நாட்டு ஒதுக்கீட்டு இடங்களுக்கு பிளஸ் 2 மார்க்கைப் பார்க்கின்றனர். அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு 'நீட்' மார்க் வேண்டும். விதிகள் மாறக்கூடியவை என்பதால், சேரும் ஆண்டில் பல்கலைக்கழக அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ல் தொடங்கியது. "பெண் பிள்ளைக்கு எதுக்கு இந்த வேலை?" என்று யாராவது கேட்டால், 1952-லேயே அங்கே படித்துப் பட்டம் வாங்கிய சக்குபாய் ராமச்சந்திரன் பெயரைச் சொல்லுங்கள். இந்தியாவின் முதல் பெண் கால்நடை மருத்துவராக அறியப்படுபவர் அவர்.

டாக்டர் ஆனால்தான் விலங்குகளோடு இருக்க முடியும் என்றில்லை. மீன்வளப் படிப்பு இருக்கிறது. பால்வளம், கோழியினப் படிப்பு இருக்கிறது. மயிலாடுதுறை பக்கம் மன்னம்பந்தலிலும் ஊட்டியிலும் வனவிலங்கு உயிரியல் சொல்லித்தரும் கல்லூரிகள் இருக்கின்றன. முதுமலை முகாமில் தாயை இழந்த யானைக்குட்டிகளைப் பிள்ளைகள் போல வளர்த்த பொம்மனையும் பெள்ளியையும் பற்றிய ஆவணப்படம், 2023-ல் ஆஸ்கர் வாங்கியதே... அவர்கள் எந்தக் கல்லூரியிலும் படித்து அதைக் கற்கவில்லை.

நோட்டு வாங்க நாளை வரை காத்திருக்க வேண்டாம். இன்று ராத்திரி டியூப்லைட் பக்கம் ஒரு பல்லி வரும். பழைய நோட்டின் கடைசிப் பக்கம் போதும். பத்து நிமிடத்தில் எத்தனை பூச்சி, பாய்வதற்கு முன் அதன் வால் என்ன செய்கிறது... எழுதி வையுங்கள்.